மேசை விளையாட்டுக்கு ஊனுண்ணி டைனோசர்களைத் தரம் பிரிப்பது எப்படி?

நாலு பேர் சேர்ந்து சொந்த விதிகளோடு ஒரு டைனோசர் சண்டை விளையாட்டைத் தொடங்கினால், முதல் தகராறு பகடையில் வராது. எது பெரியது, எது எந்த வகை என்பதில்தான் வரும். எங்கள் குழுவில் ஒருவர் நீளத்தைப் பிடித்துக்கொண்டார், ஒருவர் கையிலிருந்த பொம்மையின் உயரத்தைக் காட்டினார், இன்னொருவருக்குச் சினிமாவில் பார்த்ததுதான் வேதம். பட்டியலை ஒழுங்குபடுத்தவே பல வாரம் போனது. அந்த வேலை உங்களுக்கு மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன். மினியேச்சர் எனப்படும் சிறு உருவங்களை வைத்து, அளவுநாடாவால் அளந்து ஆடும் எந்த விளையாட்டுக்கும் இது பொருந்தும்.

ஒரே ஒரு வேண்டுகோள்: ஆறாவது படி முடியும்வரை பொம்மை எதுவும் வாங்காதீர்கள்.

1. அளவுகோலை முதலில் முடிவு செய்யுங்கள்

மனித உருவங்களும் மேசையில் நிற்கப்போகின்றனவா? அப்படியானால் 1:60 வசதி. 1.7 மீட்டர் ஆள் அதில் 28 மி.மீ. வருவார், கடைகளில் கிடைக்கும் 28 மி.மீ. உருவங்களோடு ஒத்துப்போகும். சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்திலுள்ள 'சூ' என்ற டைரனோசாரஸின் நீளம் 12.3 மீட்டர். 1:60ல் அது 20.5 செ.மீ. நான்கடிக்கு நான்கடி மேசையில் இரண்டு மூன்று பெரிய விலங்குகள் தாராளமாகத் திரும்பலாம். 1:40 எடுத்தால் அதே சூ 31 செ.மீ. ஆகிவிடும், காட்சிக்கு அழகு, ஆட்டத்துக்கு இடைஞ்சல். மனிதர்களே இல்லாத ஆட்டம் என்றால் 1:72 போதும்.

பெரும்பாலான பொம்மைகளின் பெட்டியில் அளவுகோல் போட்டிருக்காது. நீங்களே கண்டுபிடிக்க வேண்டியதுதான். மூக்கு நுனியிலிருந்து முதுகு வழியாக வால் நுனிவரை ஒரு நூலை ஒட்டிப் பிடித்து அளந்து, உண்மையான நீளத்தை அதனால் வகுத்துவிடுங்கள். ஸ்கேலை நேராக வைத்து அளக்கக் கூடாது. பொம்மைகளின் வால் வளைந்துதான் இருக்கும். நேராக அளந்தால் நீளம் குறைத்துக் காட்டும்.

2. பட்டியலில் இடமில்லாதவர்களை வெளியேற்றுங்கள்

இரண்டு காலில் நிற்பவை, கூர்நகம் உள்ளவை எல்லாம் ஊனுண்ணிகள் என்று நினைக்காதீர்கள். தெரோபாட் என்னும் பெரும்பிரிவுக்குள்ளேயே தாவரம் தின்பவை இருந்தன. தெரிசினோசாரஸின் கைநகம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் அது இலை தின்னி. கலிமைமஸுக்குப் பல்லே கிடையாது. வேறு விலங்கின் முட்டைகள் என்று நினைத்தவற்றோடு சேர்ந்து கிடைத்ததால் ஒவிராப்டருக்கு 1924ல் 'முட்டைத் திருடன்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். 1993ல் மங்கோலியாவில் அதே மாதிரி முட்டைக்குள் அதன் குடும்பத்துக் கருவே கிடைத்தது. திருட்டுப் பட்டம் போய்விட்டது. பழைய அட்டைகளில் மட்டும் இன்னும் திருடிக்கொண்டிருக்கிறது. முதுகில் பாய்மரம் வைத்த டைமெட்ரோடான் டைனோசரே இல்லை. டைனோசர்கள் தோன்றுவதற்கு முன்பே வாழ்ந்து முடிந்த விலங்கு. பொம்மைப் பையில் நிச்சயம் ஒன்று இருக்கும். எடுத்துத் தனியே வையுங்கள்.

நம் ஊர் சம்பந்தப்பட்ட ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த பிருகத்காயோசாரஸை 1980களில் ஊனுண்ணி என்றுதான் முதலில் எழுதினார்கள். அதனால் சில பழைய பட்டியல்களில் 'உலகின் மிகப் பெரிய ஊனுண்ணி' என்று அது உட்கார்ந்திருக்கும். இப்போது அதை நீண்ட கழுத்துள்ள தாவரவுண்ணியாகவே கருதுகிறார்கள். அந்த எலும்புகளும் சிதைந்து போய்விட்டன. அதே கல்லமேட்டுப் பாறையிலிருந்து ட்ரூடான்டிட் என்னும் சிறு ஊனுண்ணி வகையின் பல் ஒன்று 2013ல் அறிவிக்கப்பட்டது. எனக்கும் ஆசைதான், ஆனால் ஒரு பல்லை வைத்து அட்டை போட முடியாது.

3. நீளத்தை விட்டுவிட்டு எடையைப் பிடியுங்கள்

நேரம் அதிகம் செலவழிக்க வேண்டிய படி இதுதான்.

டைலோஃபோசாரஸ் சுமார் 7 மீட்டர். கார்னோடாரஸ் சுமார் 7.8 மீட்டர். நீளத்தை வைத்துப் பிரித்தால் இரண்டும் ஒரே தரம். எடையோ முன்னதற்கு 400 கிலோ, பின்னதற்கு ஒன்றரை முதல் இரண்டு டன். ஒன்று ஒல்லியான உடம்பு, நீண்ட வால். மற்றது பீப்பாய் மாதிரி. இரண்டையும் ஒரே தரத்தில் மோதவிட்டால் ஆட்டம் இரண்டு சுற்றில் முடிந்துவிடும்.

உடல் அமைப்பு ஒன்றாக இருக்கும்போது நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். இந்த ஒரு கணக்குத் தெரிந்தால் விட்டுப்போன எடைகளை நீங்களே நிரப்பலாம். உதாரணத்துக்கு, குஜராத்தில் நர்மதைப் பள்ளத்தாக்கில் கிடைத்து 2003ல் பெயரிடப்பட்ட ராஜாசாரஸ். முழு எலும்புக்கூடு இல்லை, நீளம் 6.6 மீட்டர் இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. சொந்தக்காரனான கார்னோடாரஸின் 7.8 மீட்டரால் வகுத்தால் 0.85, அதை மும்மடி ஆக்கினால் 0.6. எனவே எடை 0.9 முதல் 1.2 டன். இப்படி எல்லைக்கோட்டில் விழும் விலங்கை எந்தப் பக்கம் தள்ளுவது என்று குழுவாக ஒருமுறை முடிவெடுத்து எழுதி வைத்துவிடுங்கள். நான் ராஜாசாரஸை மேல் தரத்தில் போட்டேன். தடித்த உடம்புக்காரன் என்பது ஒரு காரணம், நம் நாட்டுக்காரன் என்பது இன்னொன்று.

எங்கள் தரங்கள் இவை:

அ தரம், 10 கிலோவுக்குக் கீழ்: காம்ப்சோக்னாதஸ் (3 கிலோ அளவு). தனித்தனியாக ஆடவிட வேண்டாம். ஒரே பேஸில் (உருவம் நிற்கும் அடித்தட்டு) நாலைந்தை ஒட்டி ஒரு கூட்டமாக்குங்கள்.

ஆ தரம், 10 முதல் 100 கிலோ: வெலாசிராப்டர் (15 முதல் 20 கிலோ), சீலோஃபைசிஸ், டைனோனிகஸ் (60 முதல் 100 கிலோ).

இ தரம், 100 கிலோ முதல் 1 டன்: யூட்டாராப்டர், டைலோஃபோசாரஸ், செரட்டோசாரஸ்.

ஈ தரம், 1 முதல் 4 டன்: அலோசாரஸ், கார்னோடாரஸ், ராஜாசாரஸ், பேரியோனிக்ஸ், கோர்கோசாரஸ்.

உ தரம், 4 டன்னுக்கு மேல்: டைரனோசாரஸ், டார்போசாரஸ், ஜிகனோடோசாரஸ், கார்கரோடோன்டோசாரஸ், ஸ்பைனோசாரஸ்.

வெலாசிராப்டர் ஆ தரமா என்று யாராவது கண்டிப்பாகக் குரல் கொடுப்பார்கள். இடுப்பு உயரம் அரை மீட்டர், உடம்பெல்லாம் இறகு. சினிமாவில் ஆள் உயரத்துக்கு வந்ததோடு இதைக் குழப்ப வேண்டாம். பெரிய அரிவாள் நகக்காரன் வேண்டுமென்றால் யூட்டாராப்டர் இருக்கிறது, 300 கிலோவுக்கு மேல்.

எடை தேடும்போது இரண்டு பொறிகளைக் கவனியுங்கள். முதலாவது, 'அதிகபட்சம்' என்ற எண். ஒரு விலங்குக்குச் சராசரியையும் இன்னொன்றுக்கு அதிகபட்சத்தையும் எடுத்தால் தராசு சாய்ந்துவிடும். அலோசாரஸ் வழக்கமாக 8.5 மீட்டர்தான்; 12 மீட்டர் என்று போட்டிருந்தால் அது வேறு பெயரிலும் அழைக்கப்படும் ஏதோ ஒரு ராட்சத எலும்புக்கூட்டின் கணக்கு. இரண்டாவது, பழைய எண். இருபது வருடத்துக்கு முந்தைய புத்தகத்தில் டைரனோசாரஸ் 5, 6 டன் இருக்கும். இப்போது 8 டன்னுக்கு மேல் சொல்கிறார்கள். ஸ்பைனோசாரஸ் நேர்மாறு. 17, 18 மீட்டர் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள், இப்போது சுமார் 14 மீட்டர், 7 டன். ஒரு தரத்துக்குள் எல்லா எண்களும் ஏறக்குறைய ஒரே காலத்து மதிப்பீடாக இருக்கட்டும்.

4. வேட்டை முறையை வைத்து வகை பிரியுங்கள்

குடும்பப் பெயரால் பிரித்தால் பட்டியல் நீளுமே தவிர ஆட்டத்துக்குப் பயன் குறைவு. எதிரியை அது எப்படிச் சாய்க்கும் என்று கேளுங்கள். ஆறு வகை போதும்.

*நொறுக்கி.* டைரனோசாரஸ், டார்போசாரஸ், கோர்கோசாரஸ். தடித்த பல், கனத்த தாடை. 2012ல் வந்த ஒரு கணினி ஆய்வு டைரனோசாரஸின் கடிவிசையை 35,000 முதல் 57,000 நியூட்டன்வரை கணக்கிட்டது. எலும்போடு சேர்த்துக் கடிக்கும். விதி: கடி விழுந்தால் கவசத்தில் பாதி செல்லாது. ஆனால் ஓட்டம் கொடுக்காதீர்கள். இந்த எடைக்கு ஓடினால் கால் எலும்பு தாங்காது, வேகநடைதான் என்று 2017ல் ஓர் ஆய்வு சொன்னது.

*கிழிப்பான்.* அலோசாரஸ், ஜிகனோடோசாரஸ், கார்கரோடோன்டோசாரஸ். கத்தி மாதிரி மெல்லிய பல். கடிவிசை குறைவு, ஆனால் வெட்டிக்கொண்டு விலகும். விதி: முதல் அடி சிறியது, அடுத்தடுத்த சுற்றுகளில் இரத்தப்போக்கால் இழப்பு தொடரும். செரட்டோசாரஸையும் டைலோஃபோசாரஸையும் இதிலேயே சேர்த்துவிட்டேன். டைலோஃபோசாரஸ் விஷம் துப்பியதற்கோ கழுத்தில் விசிறி விரித்ததற்கோ சான்று ஏதும் இல்லை. துப்பும் விதியை யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள்.

*குட்டைமுகன்.* கார்னோடாரஸ், ராஜாசாரஸ். முகம் குட்டை, கை இருந்தும் இல்லாத மாதிரி. கார்னோடாரஸின் வால் தசையை ஆராய்ந்தவர்கள், நேராக ஓடுவதில் அது கெட்டிக்காரன், சட்டென்று திரும்புவதில் மந்தம் என்றார்கள். ஒரு விளையாட்டு வடிவமைப்பாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நேர்க்கோட்டில் பாய்ச்சலுக்கு இரட்டிப்புத் தூரம், அந்தச் சுற்றில் திரும்பத் தடை.

*மீன்பிடியான்.* பேரியோனிக்ஸ், ஸ்பைனோசாரஸ். முதலை முகம், கூம்புப் பல். இங்கிலாந்தில் சர்ரேயில் 1983ல் கண்டெடுத்த பேரியோனிக்ஸின் வயிற்றுப் பகுதியில் மீன் செதிலும் இருந்தது, இளம் இகுவானோடான் வகை விலங்கின் எலும்பும் இருந்தது. எனவே தரையிலும் சண்டை போடட்டும், கொஞ்சம் பலவீனமாக. ஸ்பைனோசாரஸ் ஆழத்தில் நீந்தியதா, கரையோரம் நின்று பிடித்ததா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. கரையிலும் ஆழமில்லாத நீரிலும் சலுகை, ஆழத்தில் சலுகை இல்லை என்று வைத்துக்கொண்டால் இரண்டு கட்சிக்கும் பாதகமில்லை.

*கொக்கிநகம்.* வெலாசிராப்டர், டைனோனிகஸ், யூட்டாராப்டர். இரையின் மேல் ஏறி, நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டே தின்னும், பருந்து செய்வதைப்போல என்று 2011ல் ஒரு கருத்து வந்தது. விதி: தன் தரம் அல்லது கீழ்த்தர எதிரியைப் பிடித்தால் அது நகர முடியாது. கூட்ட வேட்டைக்கு உறுதியான சான்று இல்லை. கூட்டச் சலுகையை விருப்ப விதியாக மட்டும் வையுங்கள். எதிராளியும் ஒப்புக்கொண்டால் பயன்படுத்தலாம்.

*ஓடி.* காம்ப்சோக்னாதஸ், சீலோஃபைசிஸ். கடித்துவிட்டு ஓடலாம், பிணம் தின்று புள்ளி சேர்க்கலாம். அவ்வளவுதான்.

5. காலமும் இடமும் ஒரு வரி

ஒவ்வொரு விலங்குக்கும் எந்தப் பாறைத்தொகுதியில் கிடைத்தது என்று குறியுங்கள். அமெரிக்காவின் மாரிசன் என்றால் அலோசாரஸும் செரட்டோசாரஸும். அதே நாட்டின் ஹெல் க்ரீக் என்றால் டைரனோசாரஸ். மங்கோலியாவின் நெமெக்ட் என்றால் டார்போசாரஸ். நம் நாட்டு லமேட்டா என்றால் ராஜாசாரஸ். 'ஒரே தொகுதிக்காரர்கள் மட்டும்' என்று ஓர் ஆட்டம் வைக்க இது உதவும். கட்டாயமாக்காதீர்கள், புதியவர்கள் ஓடிவிடுவார்கள்.

6. அட்டையும் மூலப்பட்டியலும்

இரண்டு ஆவணங்கள் வேண்டும். ஒன்று, எல்லாத் தகவலும் உள்ள விரிதாள்: பெயர், நீளம், எடை, இடுப்பு உயரம், தரம், வகை, தொகுதி, எண் எங்கிருந்து எடுத்தது, எந்த ஆண்டு மதிப்பீடு. கடைசி இரண்டு பத்திகளையும் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடாதீர்கள். ஆட்டத்தின் நடுவில் சண்டை வந்தால் அவைதான் தீர்ப்பு சொல்லும். இடுப்பு உயரம் பார்வைக்கோட்டுக்கு, அதாவது எது எதன் கண்ணில் படும் என்று பார்க்க: 1:60ல் சூவின் இடுப்பு ஆறரை செ.மீ. உயரத்தில் நிற்கும், வெலாசிராப்டருடையது 8 மி.மீ. புதரடியில் ஒளிவது யாருக்குச் சாத்தியம் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று, ஆட்ட அட்டை. 63க்கு 88 மி.மீ. என்ற சீட்டுக்கட்டு அளவில் போட்டால் ஒரு ஏ4 தாளில் ஒன்பது வரும். இருபது விலங்குக்கு மூன்று தாள். நகல் கடையில் 300 ஜிஎஸ்எம் தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் வண்ண அச்சு வேண்டாம். எண்கள் மாறிக்கொண்டே இருக்கும், கருப்பு வெள்ளையில் அடித்து உறையில் போட்டுப் பென்சிலால் திருத்துங்கள்.

அறிவியலும் மாறும். நானோடைரனஸ் என்பது தனி விலங்கா, இளம் டைரனோசாரஸா என்று பல வருடம் இழுத்தது; 2025ல் 'மோதும் டைனோசர்கள்' எலும்புக்கூட்டை ஆராய்ந்தவர்கள் தனி விலங்குதான் என்று எழுதினார்கள். நீங்கள் 'இளம் டைரனோசாரஸ்' என்று அட்டை போட்டிருந்தால் பெயரை மட்டும் மாற்றினால் போதும். எடையும் வேட்டை முறையும் அப்படியே பொருந்தும்.

7. இப்போது வாங்கலாம்: பேஸ், பொம்மை, செலவு

1:60க்கு எங்களுக்குச் சரிவந்த பேஸ்கள்: அ தரக் கூட்டத்துக்கு 40 மி.மீ. வட்டம், ஆ தரத்துக்கு 25 மி.மீ. வட்டம், இ தரத்துக்கு 60க்கு 35 நீள்வட்டம், ஈ தரத்துக்கு 75க்கு 42, உ தரத்துக்கு 105க்கு 70. வாலும் தலையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தூரம் அளப்பது பேஸ் விளிம்பிலிருந்து மட்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நீள்வட்ட பேஸ் கிடைக்காவிட்டால் லேசர் வெட்டும் கடையில் 3 மி.மீ. எம்டிஎஃப் பலகையில் மொத்தமாக வெட்டித் தருவார்கள். ஒன்றிரண்டுக்குப் போனால் குறைந்தபட்சக் கட்டணம் வாங்கிவிடுவார்கள், எல்லா அளவையும் ஒரே கோப்பில் போட்டுக் கொடுங்கள்.

பொம்மைக்கு மூன்று வழி. மலிவானது திருவிழாக் கடைப் பை. அதில் எல்லாமே ஒரே அளவில் இருக்கும், பெயரையும் நம்ப முடியாது. அதுவே நமக்கு வசதி. 14 செ.மீ. 'டி. ரெக்ஸ்' கிடைத்தால் அதை டைரனோசாரஸாக ஆடாதீர்கள், 8.5 மீட்டர் கோர்கோசாரஸ் 1:60ல் சரியாக அந்த அளவு, இருவிரல் கையும் பொருந்தும். இரண்டாவது, அளவுகோல் போட்ட நல்ல தயாரிப்புகள். விலை அதிகம், பெரும்பாலும் 1:40. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியையும் கூரியர் கட்டணத்தையும் சேர்த்துத்தான் விலையைப் பாருங்கள். மூன்றாவது, முப்பரிமாண அச்சு. கிராம் கணக்கில் காசு வாங்குவார்கள், அதனால் உள்ளே கூடாக அடிக்கச் சொல்லுங்கள். கூட்டின் சுவர்த் தடிமனும் அதே விகிதத்தில் குறைந்தால், 1:60லிருந்து 1:72க்கு இறங்கும்போது பொருள் செலவு நாற்பது சதவீதத்துக்கு மேல் குறையும். மேலே சொன்ன அதே மும்மடிக் கணக்குதான்.

மென்பிளாஸ்டிக் பொம்மையை அப்படியே வண்ணம் அடித்தால் உரிந்துவிடும். சோப்பு நீரில் கழுவி ஒருநாள் காயவிடுங்கள். வளைந்த வாலைச் சுடுநீரில் முக்கி நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் போடுங்கள். சில தெளிப்பு ப்ரைமர்கள் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) இந்த வகைப் பிளாஸ்டிக்கில் எப்போதும் பிசுபிசுவென்றே இருக்கும். பாதத்தின் அடியில் அடித்துப் பார்த்து இரண்டு நாள் பொறுத்திருங்கள். தூரிகையால் பூசும் அக்ரிலிக் ப்ரைமர் பாதுகாப்பு. மழைக்காலத்தில் தெளிப்பு வேலையே வேண்டாம், ஈரப்பதத்தில் வெண்மை படியும். இரண்டு காலில் நிற்பவை குப்புற விழும் என்பதால் பேஸுக்கு அடியில் இரும்பு வாஷர் ஒன்றை ஒட்டுங்கள்.

8. புள்ளி விலையும் சோதனை ஆட்டமும்

படை சேர்க்கும் விலைக்குத் தொடக்கமாக இதை வைத்துப் பாருங்கள்: அ தரக் கூட்டம் 5, ஆ 10, இ 25, ஈ 60, உ 120. எடைக்கு நேர்விகிதத்தில் விலை வைக்காதீர்கள்; டைனோனிகஸுக்கு 10 என்றால் டைரனோசாரஸுக்கு 1,000 ஆகிவிடும், யாரும் வாங்க மாட்டார்கள்.

முதல் சோதனை ஒரு அலோசாரஸும் ஆறு டைனோனிகஸும், இரண்டு பக்கமும் 60 புள்ளி. சிறியவை அடித்து நொறுக்கினால் பயப்படாதீர்கள், விலையில் கை வைக்காதீர்கள். 75க்கு 42 பேஸைச் சுற்றி 25 மி.மீ. பேஸ்கள் பத்துவரை ஒட்டி நிற்க இடமிருக்கிறது. அத்தனையும் ஒரே சுற்றில் கடித்தால் எந்தப் பெரிய விலங்கும் தாங்காது. ஒரே நேரத்தில் நான்குதான் தாக்கலாம் என்று வரம்பு வைத்து மறுபடி ஆடுங்கள். பெரும்பாலும் அதிலேயே சமன் ஆகிவிடும். ஆகாவிட்டால் அடுத்ததாக இரத்தப்போக்கு எண்ணை மாற்றுங்கள். ஒரு ஆட்டத்துக்கு ஒரு மாற்றம் மட்டும். ஒவ்வொரு ஜோடியையும் பக்கம் மாற்றி இன்னொரு முறை ஆட வேண்டும்.

ஒரு ஜோடி சோதனைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பக்கத்துத் தரங்களை மோதவிடுங்கள், பிறகு ஒரு தரம் தாண்டி மோதவிடுங்கள். டைரனோசாரஸுக்கும் ஜிகனோடோசாரஸுக்கும் நடக்கும் சண்டையைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இரண்டும் ஒரே தரம், ஒரே விலை என்பதால் அதில் தெரியவருவது நொறுக்கி விதிக்கும் கிழிப்பான் விதிக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. மற்ற எண்கள் படிந்த பிறகு ஆடினால்தான் அந்த முடிவை நம்பலாம்.